சீல் உடையாத திருட்டு

மின்சாரத் திருட்டைக் கண்டுபிடிப்பது என் உத்தியோகம். முப்பத்தொரு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். மீட்டர் மேல் காந்தம் வைத்து ஓட்டத்தை மந்தமாக்கியவன், கம்பத்துக் கம்பியில் கொக்கி மாட்டியவன், சீலைப் பக்குவமாகக் கழற்றி மறுபடி பொருத்தியவன் என்று எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். ஆபீஸில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். ஆனால் எனக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் நடப்பதைத் தெரிந்துகொள்ளத்தானே என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்டவன் வீட்டிலேயே திருட்டு நடந்தது. திருட்டுப்போனது கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். படிக்கிற கண்ணாடி மாற்றலாம் என்று கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு மெஷினில் கண்ணைக் காட்டச் சொல்லி, முகம் மாறி, பெரிய கண் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் ஏதோ ஏற்பாடு இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கண்ணுக்குள் நீல வெளிச்சம் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“கண்ணுக்குள்ள அழுத்தம் ஜாஸ்தியா இருக்கு சார். வலது கண்ணுல இருபத்தேழு, இடதுல முப்பத்திரண்டு. இருபத்தொண்ணுக்குள்ள இருக்கணும். இதுதான் க்ளாக்கோமா.”

“எனக்கு வலியே இல்லையே.”

“வலிக்காது. அதுதான் இதுல கஷ்டம். ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா பார்வைய எடுத்துக்கிட்டே வரும். நடுவுல நல்லாத் தெரியறதால நமக்குத் தெரியாது. இடது கண் நரம்பு ஏற்கெனவே நிறைய பாதிச்சிருக்கு.”

“மருந்து போட்டா பழையபடி ஆயிடுமா?”

“ஆகாது சார். போனது போனதுதான். இருக்கறதக் காப்பாத்திக்கலாம். ராத்திரி சாப்பிட்டதும் ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு. ஆயுசுக்கும் போடணும்.”

வலி இல்லாத நோய், குணம் தெரியாத மருந்து, ஆயுசுக்கும் போட வேண்டும். எவனாவது ஒரு கடைக்காரன் என்னிடம் இப்படி ஒரு கதை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே அவன் மீட்டரைக் கழற்றியிருப்பேன். யார் காதில் பூச்சுற்றப் பார்க்கிறார்கள்? இருந்தாலும் கண் சமாச்சாரம் ஆயிற்றே. பயம் இருந்தது, மறைக்கவில்லை. எனக்குக் கண்தான் தொழில்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் உரக்கச் சொல்லாத ஆள். முதல் ஆறு வாரம் அவள்தான் மருந்து விட்டாள். கட்டிலில் மல்லாந்து படுக்கச் சொல்லி, கீழ் இமையை விரலால் இழுத்து, ஒரு சொட்டு. “மூடிக்கோங்க, ரெண்டு நிமிஷம்” என்பாள். மருந்து தொண்டைக்கு இறங்கிவிடாமல் என் மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டு நிற்பாள். எரியும். “என்ன எழவு மருந்து இது, மொளகாய்த் தண்ணியா?” என்று கத்துவேன். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது வலது பதினாறு, இடது பதினெட்டு. டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

அதற்கு அடுத்த வாரம்தான் நான் அதைப் பார்த்தேன். கை கழுவிவிட்டு அறைக்குள் வருகிறேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். கையில் மருந்து பாட்டில். அதைத் தன் இடது புறங்கையில் கவிழ்த்து ஒரு சொட்டை விட்டுவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் காலடிச் சத்தம் கேட்டதும் சட்டென்று முந்தானையில் துடைத்தாள்.

“என்ன பண்ற?”

“ஒண்ணுமில்ல. படுங்க.”

இந்த ‘ஒண்ணுமில்ல’ இருக்கிறதே, அதை நான் ஆயிரம் வீட்டு வாசலில் கேட்டிருக்கிறேன். மீட்டர் பெட்டிக்குப் பின்னால் கள்ளக் கம்பி தொங்கும், முன்னால் ஒருவன் நின்றுகொண்டு இதைத்தான் சொல்வான். அன்றைக்கே முடிவு செய்தேன். “இனிமே நானே போட்டுக்கறேன்” என்று பாட்டிலை வாங்கிக்கொண்டேன். அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். “நானே போடறேனே. உங்களுக்குப் போட வராது” என்றாள். அந்தக் கெஞ்சல் என் சந்தேகத்துக்கு இன்னும் தீனி போட்டது. மருந்தை விட்டுக்கொடுக்க ஏன் இத்தனை தயக்கம்?

ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு வீதம் போட்டால் ஒரு பாட்டில் ஒரு மாதம் தாராளமாக வரும் என்று மருந்துக் கடைக்காரர் சொல்லியிருந்தார். நான் பொறுப்பெடுத்த பாட்டில் பத்தொன்பதாம் நாள் காலியானது.

பத்தொன்பது நாள்! போட்ட கணக்கு எனக்குத் தெரியும். கண்ணுக்கு ஒரு அழுத்து, அவ்வளவுதான். டாக்டரம்மா சொன்னபடி பாட்டில் மூக்கு கண்ணில் படாமல் உயரத் தூக்கிப் பிடித்து, கூரையைப் பார்த்து, பெருவிரலால் ஒரே அழுத்து. உடனே கைக்குட்டையால் துடைப்பு. சுத்தமான வேலை. அப்படியானால் மிச்சம் எங்கே போனது?

தொழில் தெரிந்தவன் கூச்சல் போடமாட்டான், கண்காணிப்பான். புதுப் பாட்டிலின் லேபிளில் பென்சிலால் மருந்து மட்டத்தைக் குறித்தேன். நான்கு நாளில் கோடு ரொம்பக் கீழே இறங்கியிருந்தது. அதுவரை ஃபிரிட்ஜ் கதவில் இருந்த பாட்டிலை எடுத்து என் இரும்பு அலமாரிக்குள் பூட்டினேன். சாவி என் இடுப்பில், பேண்ட்டின் இடது பையில். அதுவும் போதாதென்று அலமாரிக் கைப்பிடியில் கம்பி கோத்து, ஈயக் குண்டு வைத்து, சீல் பிளையரால் நசுக்கி முத்திரை போட்டேன். தினமும் சாப்பிட்டதும் சீலை வெட்டி, மருந்து போட்டு, மறுபடி சீல் வைத்தேன். முப்பத்தொரு வருடம் ஈயத்தை நசுக்கிய பெருவிரல் இது. நான் வைத்த சீலை எனக்குத் தெரியாமல் ஒருவன் திறந்ததாகச் சரித்திரம் இல்லை.

என் மனைவி வாசலில் நின்று அந்தச் சீலைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்காததையும் நான் குறித்துக்கொண்டேன்.

இருபத்தோராம் நாள் அந்தப் பாட்டிலும் காலி. சீல் உடையவில்லை. கம்பியில் ஒரு கீறல்கூட இல்லை.

அதன் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வீட்டைக் கவனிக்க ஆரம்பித்தேன். எத்தனை விஷயம் தெரிய வந்தது தெரியுமா? ஒன்று, வீட்டில் சாமான்கள் இடம் மாறிக்கொண்டிருந்தன. நடையில் இடது பக்கம் இருந்த முக்காலியைக் காணோம், சமையலறைக்குப் போய்விட்டது. செருப்பு வைக்கும் பெட்டி வலது சுவருக்கு வந்திருந்தது. எதையோ தேடி, தேடிய தடயம் தெரியாமல் இருக்க மாற்றி வைத்திருக்கிறாள் என்று எழுதிக்கொண்டேன். ஆம், டைரியில் எழுதினேன். எழுதாத ஆதாரம் எந்த அதிகாரி மேஜைக்கும் போகாது.

இரண்டு, போன். வெளியூரில் இருக்கும் மகளிடம் குசுகுசுவென்று பேசுவாள். நான் உள்ளே வந்தால் குரல் மாறிவிடும். ஒரு நாள், “அப்பாகிட்ட இப்போ எதுவும் கேக்காத. சத்தம் போடுவாரு” என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. நான் உள்ளே வந்ததும், “சரி, சாப்டியா?” என்றாள். என்னை வேலையை விட்டுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி மகள் ஒரு வருடமாக நச்சரிக்கிறாள். நான் மசியவில்லை. எனக்கு ரிட்டயர்மெண்டுக்குப் பதினான்கு மாதம் இருக்கிறது. கண் கெட்டுப்போனால் தானாக வீட்டுக்கு வந்துவிடுவேன் இல்லையா? ஆக, நோக்கமும் கிடைத்துவிட்டது.

மூன்றாவதுதான் என்னை உறுத்தியது. கல்யாணமான நாளிலிருந்து தெருவில் நடக்கும்போது எனக்கு வலது பக்கம் வருகிறவள், இப்போது இடது பக்கம் வர ஆரம்பித்திருந்தாள். மார்க்கெட்டுக்குப் போனால் இடது பக்கம். படி இறங்கினால் இடது பக்கம். சாப்பாட்டு மேஜையில்கூட நாற்காலியை மாற்றிக்கொண்டு என் இடது கைப்பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டாள். இடது பையில்தானே சாவி! நான் பேசாமல் சாவியை வலது பைக்கு மாற்றினேன். அவள் இடது பக்கத்தை விடவில்லை. நான் பழையபடி மாற்றுவேன் என்று காத்திருக்கிறாள் போலும், எவ்வளவு பொறுமை.

இதற்கு நடுவில் என் முகமும் எனக்கு எதிராக ஏதோ செய்துகொண்டிருந்தது. என்னோடு சோதனைக்கு வருகிற லைன்மேன் ரொம்ப நாள் பழக்கம். அவர் ஒரு நாள் ஜீப்பில் என்னையே உற்றுப் பார்த்தார்.

“பூத... சார், கோவிச்சுக்காதீங்க. ஒரு கண்ணுக்கு மட்டும் மை போடறீங்களா?”

கண்ணாடியில் பார்த்தேன். வலது கண்ணில் இமைமுடி சினிமாக்காரி மாதிரி நீண்டு கருத்திருந்தது. இடது கண்ணில் எப்போதும் போல நான்கு முடி. அதே வாரம் சவரக்கடையில் நாவிதர் என் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இடது கன்னத்து எலும்பு மேல முடி மொளச்சிருக்கே சார், எடுத்துடவா? தோலும் கறுத்திருக்கு, வெயில்ல ரொம்ப நிக்கறீங்களா?” என்றார். “என் மூஞ்சியில எங்க முடி இருக்கணும்னு நீ சொல்லாத. செரைக்கறத மட்டும் பாரு” என்று எரிந்து விழுந்தேன். பாவம், அந்த ஆள் வாயைத் திறக்காமல் எடுத்துவிட்டார். மறுபடி முளைத்தது, மறுபடி எடுத்தார். சந்தேகப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மூன்றாம் மாதப் பரிசோதனையில் வலது பதினைந்து, இடது இருபத்தாறு.

“சார், மருந்த ஒழுங்கா போடறீங்களா?” என்றார் டாக்டரம்மா.

எப்படி இருந்திருக்கும் எனக்கு? அந்தக் கேள்வி என்னுடையது. அந்தக் குரலும் என்னுடையது. ‘மீட்டர்ல கை வைக்கலையே?’ என்று நான் கேட்கும்போது இப்படித்தான் தலையைச் சாய்ப்பேன். “ஒரு நாள் விட்டதில்ல” என்றேன். அவர் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. “ஒரு மாசம் பாக்கலாம். இறங்கலன்னா இடது கண்ணுக்கு ஆபரேஷன்தான்” என்று எழுதினார். பக்கத்தில் நின்ற என் மனைவி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன்.

“டூப்ளிகேட் சாவி எங்க வெச்சிருக்க?”

அவள் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவை மூடினாள். “என்ன சாவி?”

“நடிக்காத. மருந்து எடுக்கற. எடுத்ததுக்குப் பதிலா தண்ணி ஊத்தற. இல்லன்னா மருந்து எப்படி இருபது நாள்ல தீரும், கண்ணு எப்படி இப்படி ஆகும்? உனக்கும் உன் பொண்ணுக்கும் நான் வீட்டோட கெடக்கணும், அதானே?”

இருபத்தெட்டு வருடத்தில் நான் அவளைக் கோபித்திருக்கிறேன், கத்தியிருக்கிறேன். திருடி என்று சொன்னதில்லை. அவள் எழுந்தாள். தன் கைப்பையைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தாள். சீப்பு, பஸ் பாஸ், சாக்பீஸ் துண்டு, தலைவலி மாத்திரை. பிறகு பீரோ சாவி, பள்ளிக்கூட லாக்கர் சாவி, வாசல் சாவி என ஒவ்வொன்றாக வரிசையாக வைத்தாள்.

“சோதன போடுங்க. உங்களுக்குத்தான் அது நல்லா வருமே.”

நான் போட்டேன். அதைச் சொல்ல இப்போது நாக்கூசுகிறது. அவள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவள் பீரோவில் புடவை புடவையாக எடுத்து உதறிப் பார்த்தேன். எதுவும் கிடைக்கவில்லை. ‘சாமர்த்தியமாக மறைத்திருக்கிறாள்’ என்று டைரியில் எழுதினேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, சட்டை தேய்த்து வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. ஆனாலும் தெருவில் இறங்கினால் இடது பக்கம் வந்து ஒட்டிக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டு வேவு பார்க்கிறவளை என்ன செய்வது?

மறுபரிசோதனை நாள் வந்தது. முதலில் பார்வைப் பரப்பைச் சோதிக்கிற மெஷின். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். எங்காவது ஒளிப்புள்ளி மின்னினால் கையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். வலது கண்ணுக்கு டப் டப் என்று வந்துகொண்டே இருந்தது. இடது கண்ணுக்கு ஒன்று வரும், பிறகு நின்றுவிடும். சும்மா வெள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“சிஸ்டர், உங்க மெஷின் நடு நடுவுல நின்னு போவுது. சர்வீஸ் பண்ணுங்க” என்றேன்.

சிஸ்டர் மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படத்தை எடுத்து ஃபைலில் வைத்தார். மெஷின் நிற்கவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

டாக்டரம்மா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் தடவை எடுத்த இடது கண் படத்தில் ஒரு மூலை கறுப்பு. இப்போது எடுத்ததில் பாதிக்கு மேல் கறுப்பு. நடுவில் சின்னதாக ஒரு வெள்ளைத் திட்டு.

“வலது பதினஞ்சு, இடது இருபத்தொன்பது. சார், கடைசியா கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. மருந்து போடறீங்களா, இல்லையா?”

என் தலைக்குள் ஏதோ அறுந்தது. “என்னைக் கேக்காதீங்க டாக்டர். இதோ நிக்கறாங்களே, இவங்களக் கேளுங்க. என் மருந்துல தண்ணி கலக்கறாங்க. என் கண்ணு போகணும்னு பாக்கறாங்க!”

சிஸ்டர் கையில் இருந்த பஞ்சு அப்படியே நின்றது. என் மனைவியின் முகம் சிவந்து, வெளுத்தது. ஒரு மாதமாகப் பேசாதவள் அப்போது பேசினாள். என்னிடம் அல்ல, டாக்டரம்மாவிடம்.

“ரெண்டு கண்ணுக்கும் ஒரே பாட்டில்தானே டாக்டர்?”

“ஆமாம்மா.”

“நான் தண்ணி கலந்திருந்தா வலது கண்ணு மட்டும் எப்படிப் பதினஞ்சுல நிக்கும்?”

ஒரே கம்பத்திலிருந்து இரண்டு வீட்டுக்கு லைன் போகிறது. ஒரு வீட்டு மீட்டர் சரியாக ஓடுகிறது, இன்னொன்று ஓடவில்லை. அப்படியானால் கோளாறு கம்பத்திலா, வீட்டிலா? வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. ஒரு கணக்கு டீச்சர் எனக்கு அதை நடத்த வேண்டியிருந்தது.

“நான் போட்டுவிட்டப்ப ரெண்டும் எறங்கிச்சு” என்றாள் அவள், இன்னும் டாக்டரம்மாவையே பார்த்து. “அவரே போட ஆரம்பிச்சதுக்கப்புறம்தான் இடது ஏறுது. நான் சொன்னா கேக்கமாட்டாரு.”

டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. டார்ச்சை எடுத்து என் முகத்துக்கு அருகில் குனிந்தார். கண்ணைப் பார்க்கவில்லை, கன்னத்தைப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். சிஸ்டரிடமிருந்து சும்மா கண்ணை நனைக்கிற சொட்டு மருந்து ஒன்றை வாங்கி என் கையில் கொடுத்தார். “வீட்டுல போடற மாதிரியே போட்டுக் காட்டுங்க. துடைக்காதீங்க.”

போட்டுக் காட்டினேன். வலது கண், ஒரு அழுத்து. பிறகு கை மூக்கைத் தாண்டி இடது பக்கம் போனது. உயரத் தூக்கிப் பிடித்தேன், கூரையைப் பார்த்தேன், ஒரு அழுத்து. கைக்குட்டைக்குப் போன என் கையை சிஸ்டர் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் ஒரு கண்ணாடியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

இடது கன்னத்து எலும்பின் மேல் மூன்று சொட்டு உருண்டு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணுக்குள் எதுவும் இல்லை.

“மூணு சொட்டு” என்றார் சிஸ்டர். “என்ன சார் இப்படி நசுக்கறீங்க? சும்மா தொட்டாலே விழும்.”

ஈயம் நசுக்கிய பெருவிரல். அதற்கு மெதுவாகத் தொடத் தெரியாது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். “இடது கண்ணுக்குப் பாட்டில் மூக்கு சரியாத் தெரியல சார் உங்களுக்கு. அந்தப் பக்கம் பார்வை குறைஞ்சிருக்கு இல்லையா. விழறதுக்கு முன்னாடியே கண்ண மூடிக்கறீங்க. உடனே தொடச்சும் விட்டுடறீங்க, அதனால தெரியல. இந்த மருந்து படற இடத்துல முடி வளரும், தோல் கறுக்கும். வலது கண்ணுல உள்ள போயிருக்கு, இமைமுடி வளந்திருக்கு. இடதுல கன்னத்துல போயிருக்கு. அங்க முடி மொளைக்கலையா?”

நாவிதர் இரண்டு முறை எடுத்துவிட்டார் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆதாரம் என் மூஞ்சியிலேயே இருந்திருக்கிறது. நானே ஆள் வைத்து அதை மழித்திருக்கிறேன்.

“இப்போ சரியா போட்டா... அந்தக் கறுப்பு?” படத்தைக் காட்டிக் கேட்டேன். பதில் தெரிந்தும் கேட்டேன்.

“அது வராது சார். மிச்சம் இருக்கறத விடாம பிடிச்சுக்கலாம். ஆபரேஷன் வேணுமான்னு ஆறு வாரம் கழிச்சு முடிவு பண்ணுவோம். ஆனா நீங்களா போடக்கூடாது. யாராவது போட்டு விடணும்.”

யாராவது. அந்த ‘யாராவது’ என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெளியே வந்தோம். மத்தியான வெயில். ஆஸ்பத்திரிப் படிகளில் நான் இறங்க, அவள் வலது தோளில் இருந்த பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு என் இடது பக்கம் வந்தாள். நடைபாதையில் யாரோ ஒரு சைக்கிளைக் குறுக்கே சாய்த்து வைத்திருந்தார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. என் முழங்கையில் ஒரு சின்ன இழுப்பு. நான் விலகினேன், சைக்கிளைத் தாண்டினேன். அவள் கையை எடுத்துவிட்டாள். ஏதோ தினமும் செய்கிற வேலை மாதிரி அது நடந்தது. தினமும்தான் நடந்திருக்கிறது.

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். முக்காலி. செருப்புப் பெட்டி. சாப்பாட்டு மேஜை நாற்காலி.

“எத்தன நாளா இந்தப் பக்கம் வர்ற?”

“நீங்க வாசல் கேட்ல இடிச்சு இடது தோள் வீங்கிச்சே, அன்னைலருந்து.”

அந்தக் கேட்டை ஒழுங்காக மாட்டவில்லை என்று கொல்லனைப் போய்த் திட்டிவிட்டு வந்தவன் நான்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா சாட்சி யாருன்னு கேட்டிருப்பீங்க.” நடந்துகொண்டே சொன்னாள். “பொண்ணுகிட்டதான் சொல்லி அழுதேன்.”

கொஞ்ச தூரம் நடந்தோம். என் வாய் சும்மா இருக்கவில்லை. இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அந்த நிலையிலும் கேட்டேன். என் புத்தி அப்படி.

“அன்னிக்கு ஏன் உன் கையில மருந்த விட்டுப் பாத்த?”

அவள் நின்று என்னைப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். களைப்புதான் இருந்தது. “தெனமும் எரியுது எரியுதுன்னு கத்துனீங்களே. நெஜமாவே அவ்வளவு எரியுமான்னு விட்டுப் பாத்தேன். கை எரியல. அடுத்து என் கண்ணுல விட்டுப் பாக்கலாமான்னு நெனச்சேன். அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க.”

வலது பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. “அலமாரி உங்களோடது, நீங்களே வெச்சுக்கோங்க. மருந்த மட்டும் வெளிய எடுத்து வைங்க” என்றாள்.

அன்று மாலை சீலைக் கடைசி முறையாக வெட்டினேன். டைரியையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் நான்கு பக்கம் படித்தாள். தன்னைப் பற்றி நான் எழுதியிருந்த இடங்களில் சிவப்புப் பேனாவால் தொடக்கூட இல்லை. மூடி என்னிடமே கொடுத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சாப்பிட்டதும் கட்டிலில் மல்லாந்து படுத்தேன். அவள் வருவாளா என்று தெரியவில்லை. இடது பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. ஆளைக் காணோம். கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தேன், அந்த ஓரத்தில் யாரும் தெரியவில்லை. அங்கேதான் நின்றிருக்கிறாள். இத்தனை மாதமும் அங்கேதான் நின்றிருக்கிறாள்.

“கண்ணத் தொறங்க” என்றது குரல். கீழ் இமையை ஒரு விரல் இழுத்தது. ஒரே ஒரு சொட்டு, நேராகக் கண்ணுக்குள். எரிந்தது. நான் கத்தவில்லை.

“மூடிக்கோங்க, ரெண்டு நிமிஷம்.”

மூக்கோரத்தை அழுத்திக்கொண்டு நின்றாள். அந்த இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பீரோவைச் சோதனை போட்டதற்கு, திருடி என்றதற்கு, டாக்டர் முன்னால் அப்படிப் பேசியதற்கு. ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. அவள் மூக்கோரத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

பிறகு என் இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். “வழிஞ்சிருச்சே. சரியாத்தானே விட்டேன்” என்றாள்.

“அது மருந்து இல்ல.”

“எப்படி நம்பறது?”

கட்டிலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தாள். என் வலது கன்னத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். அதுவும் நனைந்திருந்தது. அந்தக் கண்ணுக்கு அவள் இன்னும் மருந்தே விடவில்லை.